கொட்டாத குளவி

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பூ மார்க்கெட் துரைப்பாண்டி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் டாக்டர் சண்முகப்ரியா ஏழு மாதமாக எழுதித் திருத்திய மருத்துவக் கட்டுரை வெளிவராது. புதன்கிழமை காலையில் துரைப்பாண்டியை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். வந்தார். தாளைப் பார்த்தார். "மூக்குக் கண்ணாடி வீட்டுல கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூக்குக் கண்ணாடி அவருடைய சட்டைப் பையிலேயே இருந்ததை நர்ஸ் ஜெஸ்லின் பார்த்தாள். பெரிய மனிதரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று சும்மா இருந்துவிட்டாள்.

சண்முகப்ரியா சங்கரன்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர். துரைப்பாண்டி மார்க்கெட்டில் பூ கமிஷன் கடை வைத்திருப்பவர். இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது போன ஆடி மாதம், கோமதியம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த மறுவாரம்.

அதைச் சொல்வதற்கு முன் துரைப்பாண்டியின் மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காதுவரை போகிற மீசை. கரிய மீசை. தலையில் அங்கங்கே நரைத்தபோதும் மீசையில் ஒரு வெள்ளை முடி கிடையாது. யாராவது ரகசியம் கேட்டால், "கோமதியம்மன் குடுத்தது. சனிக்கெழம எண்ணெ தேச்சுக் குளிக்கேன், அவ்வளவுதான்" என்பார். சாயம் பூசுகிறவர்களை மார்க்கெட்டில் நாலு பேர் முன்னால் கேலி செய்வார். உண்மையில் பத்து நாளைக்கு ஒரு முறை, விடிகாலையில் கடைக்குப் பின்னால் உள்ள பூக்கூடை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மீசைக்குச் சாயம் பூசிக்கொள்வது அவர் வழக்கம். பொய் சொல்ல வேண்டும் என்று பிறந்த மனிதர் அல்ல. ஒரு தடவை யாரோ பாராட்டினார்கள், அவர் மறுக்கவில்லை, அதிலிருந்து வந்த வினை.

அன்றைக்குச் சாயங்காலம் கடையநல்லூரில் ஒரு பாய் வீட்டுக் கல்யாணம். வழக்கமான சாயம் தீர்ந்துபோயிருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு பெட்டிக்கடையில் பெயர் தெரியாத பொடி ஒன்றை வாங்கிக் குழைத்துப் பூசினார். கால் மணி நேரத்தில் உதடு தடித்தது. துடைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தபோது கழுத்தும் வீங்கிவிட்டது. கடை வாசலில் உள்ள வேப்பமரத்தடியில் பூ கட்டிக்கொண்டிருந்த சங்கரேஸ்வரிதான் முதலில் பார்த்தாள். "அண்ணாச்சி, என்னாச்சு?" என்று அலறினாள். மூச்சுத் திணறுகிற நேரத்திலும் மனிதனுக்கு மானம் முன்னால் வந்து நிற்கிறது. துரைப்பாண்டி மரத்தைக் கைகாட்டி, "குளவி" என்றார்.

சங்கரேஸ்வரி கட்டிய பூவை அப்படியே போட்டுவிட்டு, இப்ராஹீமின் ஆட்டோவை மறித்து, அவரை ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தாள்.

குளவி என்று சொன்னதால் குளவிக்கு உண்டான வைத்தியம் நடந்தது. சண்முகப்ரியா தொடையில் அட்ரினலின் ஊசி போட்டாள். வீக்கம் வடிந்தது. இருபது நிமிடத்தில் திரும்ப வந்தது. இரண்டாவது ஊசி. வடிந்தது, திரும்ப வந்தது. மூன்றாவது ஊசியும் அப்படியே. அவசரமாகச் செல்போனில் தேடினாள். 'திரும்பத் திரும்ப வரும் வீக்கம்: எதைத் தேட வேண்டும்' என்று ஒரு கட்டுரையின் தலைப்பு வந்தது. தொட்டாள். முழுவதும் படிக்க நாற்பது டாலர் கட்டுங்கள் என்றது திரை. தூரத்து ஊரிலிருந்து ஓடி வந்தவளுக்கு முன்னால் கோயில் நடை சாத்தியிருந்தது போல இருந்தது அவளுக்கு. எதைத் தேடுவது என்று எங்கோ ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அது கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இந்தப் பக்கம் ஒருவருக்கு மூச்சு நிற்கப் போகிறது.

அந்த நேரத்தில், ஏதோ வாங்க வெளியே போன ஜெஸ்லின் வேகமாக உள்ளே வந்து துரைப்பாண்டியின் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"டாக்டர், குளவி கொட்டுனா நகக்கண்ணு கறுக்குமா?"

உடம்பில் எங்கும் கொடுக்குத் தடம் இல்லை. மேலுதட்டில் மீசையின் அடியில் தோல் கொப்பளித்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சோப்புத் தண்ணீரால் கழுவி, இரண்டு நிமிடத்தில் ஜெஸ்லின் அந்த மீசையை மழித்து எடுத்தாள். நான்காவது ஊசிக்குப் பிறகு வீக்கம் திரும்பவில்லை.

சாயங்காலம் விழித்த துரைப்பாண்டி முதலில் மேலுதட்டைத்தான் தடவிப் பார்த்தார். சண்முகப்ரியா நடந்ததைச் சொன்னாள். அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"டாக்டரம்மா, உசுரக் குடுத்துட்டிய. மானத்தையும் குடுத்துருங்க. எங்க வீட்டுல தெரியக்கூடாது."

சண்முகப்ரியா தெரியாமலே பார்த்துக்கொண்டாள். ஆனால் குளவி ஊருக்குள் பறந்துவிட்டது. அவர் மனைவி சங்கரம்மாள், புருஷன் பிழைத்தால் அம்மனுக்குக் குளவி உருவம் வாங்கிப் போடுவதாக நேர்ந்துகொண்டிருந்தாள். சன்னிதித் தெருவில் நேர்ச்சைத் தகடு விற்கிற கடையில் பாம்பு இருந்தது, தேள் இருந்தது, கண், கை, கால் எல்லாம் இருந்தன. குளவி இல்லை. "எழுவது வருசமா ஒருத்தரும் குளவி கேட்டதில்லம்மா. ஒரு தேளுக்கு ரெக்க ஒட்டித் தாரேன். அம்மனுக்குத் தெரியாதா என்ன?" என்றார் கடைக்காரர். சங்கரம்மாள் அதை உண்டியலில் போட்டுக் கண்ணீர் விட்டு நின்றபோது, பக்கத்தில் நின்ற துரைப்பாண்டி அம்மன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மீசை எங்கே என்று கேட்டவர்களிடம், "நேந்துக்கிட்டேன், எறக்கிட்டேன்" என்றார். மீசை வெள்ளையாக முளைப்பது யார் கண்ணிலும் படாமலிருக்க, அன்றிலிருந்து தினமும் வீட்டில் மற்றவர்கள் எழும்புமுன் எழுந்து முகத்தை மழித்துக்கொண்டிருந்தார். ஒரு பொய்க்கு இவ்வளவு சவரம்.

இது போதாதென்று, மார்க்கெட் சங்கச் செயலாளர் பாண்டிராஜ் அந்த வேப்பமரத்தை வெட்ட அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தார். மரத்தில் குளவிக்கூடு எதுவும் இல்லை. "கூடு கண்ணுக்குத் தெரியலன்னா அது இன்னும் ஆபத்துவே" என்பது பாண்டிராஜின் கட்சி. ஏழு மாதம் கழித்து, இந்த வாரம்தான் அனுமதி வந்தது. சனிக்கிழமை வெட்டு. அந்த மரத்தடி நிழலில்தான் சங்கரேஸ்வரி பதினொரு வருடமாக உட்கார்ந்து பூ கட்டுகிறாள்.

சண்முகப்ரியாவுக்கு மரத்து விஷயம் தெரியாது. அவள் அந்த ஏழு மாதமும் கட்டுரை எழுதினாள். நடை சாத்தாத ஒரு மருத்துவ இதழைத் தேடிப் பிடித்தாள். ஓபன் ஆக்சஸ் என்பார்கள். இந்த இதழில் எழுதுகிறவரிடமும் காசு கேட்பதில்லை, படிக்கிறவரிடமும் கேட்பதில்லை. அவசர சிகிச்சை டாக்டர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறார்கள். கட்டுரையை ஏற்றுக்கொண்டோம், நோயாளியின் ஒப்புதல் கையெழுத்து மட்டும் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் வேண்டும் என்று இதழாசிரியர் கடிதம் அனுப்பியிருந்தார். கட்டுரை யார் கண்ணிலும் படும் என்பதை நோயாளிக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருந்தது.

வியாழக்கிழமை துரைப்பாண்டி மூக்குக் கண்ணாடியோடு வந்தார். சண்முகப்ரியா விளக்கிச் சொன்னாள்.

"ஒலகத்துல யாரு வேணும்னாலும் படிக்கலாம் அண்ணாச்சி."

"யாரு வேணும்னாலுமா?"

"ஆமா."

"கடையநல்லூர்க்காரன்?"

"படிக்கலாம்."

"துபாய்ல இருக்கானே கடையநல்லூர்க்காரன், அவன்?"

"அவரும் படிக்கலாம்."

"துட்டு குடுக்காண்டாமா?"

"ஒத்தப் பைசா வேண்டாம்."

துரைப்பாண்டி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "ஏம் டாக்டரம்மா, துட்டு குடுத்தாத்தான் படிக்கலாம்னு ஒரு பத்திரிகைகூடவா இல்லாமப் போச்சு? அதுல போடுங்களேன். நல்ல வெலையா வச்சு."

ஜெஸ்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பேரு வராது அண்ணாச்சி. ஊருகூட வராது. ஐம்பத்தெட்டு வயது ஆண் அப்படின்னுதான் இருக்கும்."

"ஐம்பத்தெட்டா? மார்க்கெட்டுல நாப்பத்தொம்பதுன்னுல்லா சொல்லியிருக்கேன்!"

"அப்ப உங்கள ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்கல்லா" என்றாள் ஜெஸ்லின்.

அது அவருக்குக் கொஞ்சம் பிடித்தது. அடுத்து படத்தைக் காட்டினார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் எடுத்தது. முகம் பூசணிக்காய் போல இருந்தது. கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருந்தார்கள். அதற்குக் கீழே, காதிலிருந்து காதுவரை, அந்த மீசை.

"கண்ண எதுக்கு மறைச்சிருக்கு?"

"ஆளு யாருன்னு தெரியாம இருக்க."

"என் கண்ண எவன் பாத்திருக்கான் டாக்டரம்மா? ஊரு பூரா பாத்தது மீசையல்லா! பட்டைய எறக்கி மீசைல போடுங்க. கண்ணு தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போட்டும்."

"வியாதியே மீசைலதான இருக்கு அண்ணாச்சி."

அவர் யோசித்தார். "அப்ப ஒண்ணு செய்வோம். குளவின்னே எழுதிருங்க. நானும் சந்தோசமா கையெழுத்துப் போடுதேன்."

"நீங்க குளவின்னு சொன்னதாலதான் மூணு ஊசி வீணாச்சு. வெக்கப்பட்டு ஒருத்தர் பொய் சொல்லலாம், அதனால கண்ணால பாருங்க, நகத்தப் பாருங்கன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. குளவின்னு போட்டா இதுல ஒண்ணுமே இல்ல."

துரைப்பாண்டி எழுந்து கும்பிட்டார். "என்னால ஆகாது தாயி. நீங்க தப்பா நெனைக்கக் கூடாது." போய்விட்டார்.

ஜெஸ்லினுக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், சுகர் டெஸ்ட்டுக்குன்னு சொல்லி ஒரு கையெழுத்த வாங்கிருவமா? அவரு படிக்கவா போறாரு?"

"பொய் சொன்னதால வந்த வெனையப் பத்தி எழுதிட்டு, பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கச் சொல்லுதியா?"

ஜெஸ்லின் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் சண்முகப்ரியா கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தாள். அனுப்புவதற்கு முன் துரைப்பாண்டிக்குப் போன் செய்தாள். "கையெழுத்து வேண்டாம் அண்ணாச்சி. ஆனா உங்களப் பத்தி என்ன எழுதியிருக்கேன்னு நீங்க கேக்கணும். கேட்டுட்டுப் போங்க, பெறகு அழிச்சிருதேன்." தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படாத மனிதன் உண்டா? மூன்று மணிக்கே வந்துவிட்டார்.

சண்முகப்ரியா ஆங்கிலத்தைப் பார்த்து வரிவரியாகத் தமிழில் சொன்னாள். வயது வந்த இடத்தில் அவர் முனகினார். "நோயாளி நல்ல உடற்கட்டு உள்ளவர்" என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று ஊசியும் பலிக்காத இடத்தில், என்ன நடக்கப் போகிறதோ என்று தன் கதையையே பயந்து பயந்து கேட்டார்.

"நோயாளியை அழைத்து வந்த பெண் அவருடைய முகத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்திருந்தார். அந்தத் தலைப்பில் இருந்த கரிய கறையைச் செவிலியர் கவனித்தார். அதுவே முதல் தடயம்."

"நில்லுங்க" என்றார் துரைப்பாண்டி. "எந்தப் பொம்பள?"

"உங்கள ஆட்டோல கூட்டிட்டு வந்தாங்கல்லா, அவங்கதான்" என்றாள் சண்முகப்ரியா.

"சங்கரேஸ்வரியா? அவ சேலையிலயா?"

ஜெஸ்லின் தயங்கினாள். பிறகு சொன்னாள். "நான் வெளிய போனேன்லா, அப்பப் பாத்தேன் அண்ணாச்சி. அக்கா, இது என்ன கறைன்னேன். ஒண்ணுமில்லன்னு மடிச்சு இடுப்புல சொருகிட்டாவ. அவருக்கு உசுருக்கு ஆபத்தில்லல்லான்னு கேட்டாவ. எதுனால வந்துச்சுன்னே தெரியலக்கா, தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்னேன். அங்கிட்டும் இங்கிட்டும் பாத்தாவ. பெறகு, 'அவரு நகத்தப் பாரு தாயி, நான் சொன்னேன்னு சொல்லிராத'ன்னாவ." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, சொல்லிட்டேன்."

துரைப்பாண்டி மழித்த மேலுதட்டைத் தடவினார்.

"ஏழு மாசமா அவளுக்குத் தெரியும்" என்றார். "தெனமும் அவளத் தாண்டித்தான் கடைக்குப் போறேன். ஒரு சிரிப்பு சிரிச்சதில்ல. நேத்துக்கூட மீசைய நேந்துக்கிட்ட கதைய ஒரு ராயகிரி யாவாரிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். அவ தலையக் குனிஞ்சு பூவக் கட்டிக்கிட்டு இருந்தா."

"நல்ல மனசு" என்றாள் சண்முகப்ரியா.

"நாளைக்கு அந்த மரத்த வெட்டுதாவ டாக்டரம்மா."

"எந்த மரம்?"

"குளவின்னு நான் கைகாட்டுன மரம். அவ உக்காந்திருக்க மரம். ஒரு வார்த்த சொல்லியிருந்தா மரம் நிக்கும். அவ நெழலு போனாலும் போட்டும்னு எம் மானத்தக் காப்பாத்திட்டு இருந்திருக்கா."

சொல்லிக்கொண்டே எழுந்தார். செருப்பை மாட்டினார். வெளியே போய்விட்டார்.

"அண்ணாச்சி, கையெழுத்து!" என்று ஜெஸ்லின் வாசல் வரை ஓடினாள். ஆட்டோ கிளம்பிவிட்டது. மணி மூன்றே முக்கால்.

மார்க்கெட்டில் மாலை ஏலத்துக்குப் பூ வந்து இறங்கிக்கொண்டிருந்தது. துரைப்பாண்டி தராசு மேடையில் ஏறி நின்றார். மல்லிகைக்கு விலை கூவுகிற அதே குரலில் கூவினார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்கவே! என்னக் குளவி கொட்டல. மீசைக்குச் சாயம் பூசுனேன், அது பொங்கிட்டு. பத்து வருசமாப் பூசுதேன். மரத்த வெட்டாதிய!"

பூக்கூடைகளுக்கு நடுவில் எழுந்த சிரிப்பில் தராசுத் தட்டு ஆடியது. பாண்டிராஜ் மட்டும் சிரிக்கவில்லை. அனுமதிக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"வே, ஆறு தடவ அலைஞ்சு வாங்குனேன்வே இத! அப்ப அம்மனுக்கு மீசைய நேந்துக்கிட்டது?"

"பொய்."

"அந்தத் தேளு?"

"அது எங்க வீட்டுக்காரி உண்மையா நெனச்சுப் போட்டது. அம்மன் அத ஏத்துக்கிட்டிருப்பா. நான்தான் இன்னிக்கு அவகிட்டப் போயி வாங்கிக் கட்டிக்கணும்."

"அம்மன்கிட்டயா, சங்கரம்மாகிட்டயா?"

"ரெண்டு பேர்ட்டயும்தாம்வே."

சிரிப்பு இன்னொரு சுற்று வந்தது. அது அடங்குகிற சமயத்தில் பாண்டிராஜ் அனுமதிக் கடிதத்தை இரண்டாகக் கிழித்துவிட்டு, மேடைக்குப் பக்கத்தில் வந்து, காதோரம் சொரிந்துகொண்டே கேட்டார். "அது எந்தப் பொடிவே? பஸ் ஸ்டாண்டுப் பொடியா?"

துரைப்பாண்டி அவரைக் கூர்ந்து பார்த்தார். பாண்டிராஜின் கிருதாவுக்குக் கீழே தோல் சிவந்து கிடந்தது. துரைப்பாண்டி ஒன்றும் கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை. "அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வாரும்" என்று மெதுவாகச் சொன்னார். மூன்று மணிக்குச் சங்கரேஸ்வரி கதையில் கற்றுக்கொண்டதை நான்கு மணிக்கே செய்துவிட்டார்.

பிறகு வேப்பமரத்தடிக்குப் போனார். சங்கரேஸ்வரி தலை நிமிரவில்லை.

"உனக்குத் தெரியும்லா?"

"என்னது அண்ணாச்சி?"

"என்னதா? ஏட்டி, நகத்தப் பாருன்னு சொன்னது யாரு?"

"அந்த நர்ஸு புள்ள வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காதே" என்றாள் சங்கரேஸ்வரி. "தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கியோ. மாலைக்கு ஆள் வந்துரும்."

"மாலைய நான் வேற ஆளக் கட்டச் சொல்லுதேன். நீ எங்கூட வா. சாட்சிக் கையெழுத்து ஒண்ணு போடணும்."

"சாட்சியா? போலீஸ் கேஸா?"

"அதவிடப் பெருசு. துபாய் வரைக்கும் போகுதாம்."

ஆஸ்பத்திரிக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி நாலு நாற்பது. துரைப்பாண்டி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முழுப் பெயரையும் இனிஷியலோடு எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சி இடத்துக்கு வந்ததும் சங்கரேஸ்வரி பேனாவைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினாள்.

"இத யாரு டாக்டர் படிப்பா?"

"உங்களுக்கும் எனக்கும் தெரியாத ஊர்ல ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கும். அங்க ஒரு டாக்டர், என்ன செய்யன்னு தெரியாம செல்போன்ல தேடுவாரு. அவரு படிப்பாரு."

"படிச்சா அந்த ஆளு பொழைச்சுக்கிடுவாரா?"

"பொழைக்கலாம்."

"அப்பச் சரி" என்று சொல்லி, தன் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் பூ தொடுப்பது போல நெருக்கமாக எழுதினாள்.

"இவ பேரையும் கட்டுரைல போட முடியாதா?" என்று கேட்டார் துரைப்பாண்டி.

"பேரு போட்டா உங்கள அடையாளம் தெரிஞ்சிரும்."

"மார்க்கெட்டுல தராசு மேல ஏறிக் கூவிட்டு வாரேன். இனிமே என்னத்தத் தெரிய?"

"எம் பேரெல்லாம் வேண்டாம்" என்றாள் சங்கரேஸ்வரி. "எங்க வீட்டுல அந்தச் சேலைக்கு என்னாச்சுன்னு இன்னும் கேட்டுக்கிட்டிருக்காவ."

சண்முகப்ரியா சிரித்துக்கொண்டே, கட்டுரையின் கடைசியில் நன்றி என்ற இடத்தில் பெயரில்லாமல் ஒரு வரி சேர்த்தாள். தாளைப் படம் எடுத்து இணைத்து அனுப்பினாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு, கிடைத்தது என்று பதில் வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி வைத்திருந்த கடிதத்தை அழித்தாள்.

ஜெஸ்லின் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தாள். பெஞ்சில் பாண்டிராஜும் மார்க்கெட் ஆட்கள் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் துண்டால் காதையும் கன்னத்தையும் மூடியிருந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, என்ன செய்யுது?"

"முட்டுவலி" என்றார் பாண்டிராஜ்.

"எனக்கும் அதேதான்" என்றார் அடுத்தவர்.

மூன்றாவது ஆள் துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார். ஜெஸ்லினுக்குப் பின்னால் துரைப்பாண்டி வந்து நின்றார். அவர்களுக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில் தானும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நல்ல புள்ளைகவே. திட்டாது" என்றார். "யாரு மொதல்ல போறியோ?"